தொண்ணூறு கிலோவுக்கு ஒரு பிரேக்

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வீடு. அவருக்கு டல்ஹௌசியில் பாங்கு உத்தியோகம். எனக்கு அங்கேயே இரண்டு தெரு தள்ளி ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் தோளில் கை வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்தபடி ஆறு மாசம் ஆபீஸ் போனேன். அந்த ஆறு மாசமும் நான் மகாராணி.

பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. ஒரு மாசம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பாங்கில் இவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் அவர். வங்காளி, பாலிகஞ்ச் வாசம், கனத்த சரீரம், போதாததற்கு மூட்டு வலி. பின் சீட்டு காலியாகத்தானே போகிறது என்று இவர் ஏற்றிக்கொள்ளப் போக, அதுவே பழக்கமாகிவிட்டது.

"நான்தான் வந்தாச்சே, இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றேன்.

"வான்னு சொல்லிட்டு வராதேன்னு எப்படிச் சொல்றது? பாவம், நடக்க முடியாத மனுஷர். நீ பஸ்ல போயிடுவே."

நான் பஸ்ஸில் போனேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இவர் எதிர்த் திசையில் பாலிகஞ்ச் வரை போய் அவரை ஏற்றிக்கொண்டு, திரும்ப நான் நிற்கிற பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் டல்ஹௌசி போவார். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்பேன். என் சீட்டிலிருந்து அந்த மனுஷர் இரண்டு கையையும் கூப்பி, "நமஷ்கார் பௌதி!" என்பார். அண்ணியாம். நானும் பல்லைக் காட்டி வைப்பேன்.

அந்த மனுஷர் மேல் பொறாமை, அவ்வளவுதான். புருஷன் இன்னொரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். வழுக்கைத் தலை ஆம்பிளை ஒருவர் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சீட்டைக்கூட விட்டுவிடலாம், சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வண்டி என்னைக் கடக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் அவர் இவர் காதோரம் ஏதோ சொல்லுவார், இவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பார். வீட்டில் இந்த மனுஷர் வாயைத் திறப்பது காபிக்கும் துண்டுக்கும்தான்.

மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பத்தடிக்கு ஒரு தடவை பிரேக் போட வேண்டும். பின் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கட்டை தேய்ந்துவிட்டது, ஒரு ஜோடி மாற்ற வேண்டும் என்று இவர் சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சாமான் விற்கிற மல்லிக் பஜாருக்குக் கிளம்பினார். பாலிகஞ்ச்காரருக்கு அன்று வேறு வேலை. நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டேன்.

அங்கே இவர் பிரேக் கட்டை தேர்ந்தெடுத்த அழகைப் பார்க்க வேண்டுமே! பிறை மாதிரி வளைந்த இரும்பு, அதன் முதுகில் ஒட்டின பட்டை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, பட்டையை நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தார். மூன்று கடை ஏறி இறங்கினோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜித் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷர் இவர்.

நாலாவது கடைக்காரர் இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார். ஒன்று கெட்டிப் பட்டை. அழுத்தி மிதிக்க வேண்டும், ஆனால் பாரம் தாங்கும், நாள்பட உழைக்கும். இன்னொன்று மெத்துப் பட்டை. தொட்டாலே பிடிக்கும், சீக்கிரம் தேயும். பின்னால் யார் உட்காருவார்கள் என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மேம்சாப் எடைக்கு மெத்துப் பட்டையே தாராளம்.

"இல்லை இல்லை" என்று இவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "பின்னால் உட்காருகிறவர் தொண்ணூறு கிலோ. கெட்டியே கொடுங்கள்."

பக்கத்தில் நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன். அந்த மனுஷருடைய எடை இவருக்கு மனப்பாடமாக இருக்கிறது. என் எடையைக் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார். எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கெட்டிப் பட்டையைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, "பீச்சே மை பைட்தி ஹூ" என்றேன். பின்னால் உட்காருவது நான்தான் என்று, பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி.

கடைக்காரர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அப்படி முழுசாகப் பார்த்ததே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது. மெத்துப் பட்டையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் இவரே பாலிகஞ்ச் போய், இனிமேல் ஏற்றிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் எதையும் கவனிக்காதவள் மாதிரி, திங்கட்கிழமைக்கு மாம்பழக் கலர் புடவையை இஸ்திரி போட்டேன்.

திங்கட்கிழமை என் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அங்கே நின்றவர்களை ஜம்மென்று ஒரு பார்வை பார்த்தேன். பிரேக் கத்தவில்லை. மிதித்த இடத்தில் வண்டி பூப்போல நின்றது. "நன்னா பிடிக்கறது, இல்லே?" என்றேன். "உம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், சாயங்காலம் காய்கறி வாங்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "உம்"தான்.

ராஷ்பிஹாரி முனையில் போலீஸ்காரர் கை காட்டவே நின்றோம். பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் பாலிகஞ்ச்காரர். கிளம்புகிற இடத்திலேயே ஏறி சீட்டுப் பிடித்திருக்கிறார். வழக்கம்போல எனக்குக் கையைக் கூப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வங்காள பாஷையில் இவரிடம் என்னவோ சொன்னார். டிராம் மணியில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

இவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தோளில் இருந்த என் கையும் சேர்ந்து குலுங்கியது. இவர் சிரிப்பை நான் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பஸ் நகர்ந்த பிறகும் இவர் தோள் ஓயவில்லை. குனிந்து, "என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லே" என்றார். "ஆபீஸ் விஷயம். உனக்குப் புரியாது."

நானும் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.