அவர் நம்பரில் வேறொருவர்

என் வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருடம் கழித்து அவருடைய நம்பருக்கு ஓர் ஓடிபி போனது. போனது மட்டுமல்ல, போய்ச் சேரவும் சேர்ந்தது. யாரிடம் சேர்ந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நார்த்தாமலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கீரனூருக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். மதிப்பெண், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஆதாருக்கு வரும் ஓடிபியைக் கேட்டது. திரையில் நம்பரின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிந்தன. மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா நம்பரும்மா" என்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆதார் எடுக்கக் கூட்டிப்போனது அவர்தான். விண்ணப்பம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்த நம்பரைக் கைவிட்டவள் நான். அவர் போன பிறகும் சில மாதம் அந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதே சேதியைச் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் அதை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். முன்பெல்லாம் காசு போடாவிட்டாலும் வருகிற அழைப்பு வந்துகொண்டிருக்கும். இப்போது மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் நம்பரைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பேச ஆளில்லாத போனுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று என் தம்பி கேட்டபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. மனிதருக்குப் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடுகிறது. நம்பருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லித் தரவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்த எனக்கு, அந்தப் பத்து எண்ணுக்குள் மகளின் படிப்பு மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தை முடிந்தவரை பொறுமையாகச் சொன்னேன்.

"ஓடிபியா? அதெல்லாம் சொல்ல மாட்டோங்க. போன வாரந்தான் எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட இப்படியே பேசி, பேங்க்ல இருந்ததத் தொடச்சு எடுத்துட்டாங்க."

"நான் அங்கன்வாடியில வேலை பாக்குறேம்மா. எம் பொண்ணு படிப்பும்மா இது."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க. நெசமான ஆளுன்னா ஜெகதாப்பட்டினத்துக்கு வந்து நேர்ல கேளுங்க." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளை எப்படிக் குறை சொல்வது? அங்கன்வாடியில் தாய்மாரிடம் ஓடிபி கேட்டு வாங்குவது என் அன்றாட வேலை. தயங்குகிறவர்களை, "ஒங்க கோட்டையவா எழுதிக் கேக்குறேன்" என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது என் முறை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புதுக்கோட்டையில் ஆதார் மையத்தில் வரிசையில் நின்று நம்பர் மாற்ற எழுதிக் கொடுத்தேன். மாறுவதற்குச் சில நாள் ஆகும் என்றார்கள். நாளை சாயங்காலம் ஐந்து மணியோடு எல்லாம் முடிகிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணும் பாவம்தான், அவள் கையில் எதுவும் இல்லை. அன்று முழுக்க அந்த நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுக் குரல் சொன்னது.

கடைசி நாள் விடிந்ததும் மகளைக் கீரனூருக்கு அனுப்பிவிட்டு, அறந்தாங்கி வழியாகப் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போய் இறங்கினேன். பெயர் தெரியாது, வீடு தெரியாது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "இந்த நம்பர் யாருதுன்னு ஒங்க போன்ல அடிச்சுப் பாருங்களேன்" என்று கேட்டேன். மூன்றாவது ஆளின் போனில் ஒரு பெயர் வந்தது. "நம்ம பயதான். கடலுக்குப் போயிருக்கான்" என்று சொல்லி வீட்டைக் காட்டினார்.

போனில் பேசிய பெண் வீட்டில் இல்லை. ஐஸ் கம்பெனிச் சுவரோரம், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். கணவரின் இறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "வைங்கக்கா உள்ள" என்றாள். அவளுடைய புருஷன் நேற்று விடியற்காலை விசைப்படகில் போனவன், போனும் அவனோடு போய்விட்டது. காலையிலேயே கரைக்கு வந்திருக்க வேண்டிய படகு. மற்றப் படகுகள் வந்துவிட்டன. எல்லைப் பக்கம் இலங்கை நேவி ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாக மீனவர் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. எந்தப் படகு என்று அதில் சொல்லவில்லை.

அவள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஏழாவது எட்டாவது தடவையில் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டால் டவர் எடுக்கும் என்றாள். அதனால் அவளும் அடித்தாள், நானும் அடித்தேன். இருவர் காதிலும் ஒரே பதிவுக் குரல்.

"எப்படியாச்சும் படகு வந்துரட்டும்" என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் நான் வேண்டியது ஆறு இலக்கத்துக்காக. அவன் பிடிபட்டிருந்தாலும் போனை மட்டும் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

மகள் அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்தாள். "மறுபடி அனுப்பச் சொல்லி அமுக்கிருக்கேம்மா. டவர் கெடச்சதும் வந்துரும்ல?" வந்துவிடும் என்றேன். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். இருவரும் குடிக்கவில்லை.

நாலு நாற்பத்தொன்றுக்கு நான் அடித்தபோது ரிங் போனது.

பதிவுக் குரலே கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் அது விளங்கவில்லை. பிறகு எடுக்கப்பட்டது. இன்ஜின் சத்தமும் காற்றும் சேர்ந்து இரைந்தன. அதற்கு நடுவே ஓர் ஆண் குரல், "ஹலோ" என்றது.

அது அவர் குரல் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்த நம்பரிலிருந்து ஓர் ஆண் ஹலோ சொல்லி ஒன்றரை வருடமாகிவிட்டது. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாரா என்று கேட்கத் தினமும் நான் அடித்த நம்பர் அது. நான் வாயைத் திறக்கவில்லை. "ஹலோ, யாரு?" என்றது குரல். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று இருந்தேன். "ஹலோ... கேக்குதா... ஹலோ." நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். காரணம் வேறெதுவும் இல்லை, கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு லைன் அறுந்துபோனது.

அதே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்த அவள், வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எடுத்தாங்களாக்கா?"

"எடுத்தாங்க."

"பேசுனாங்களா? நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன், மறுபடி அதுவே. ஐந்து மணிவரை அதுவேதான்.

ஐந்தே கால் தாண்டிப் படகு வந்தது. இன்ஜின் கோளாறு, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருந்தது. அவள் தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடினாள். பிடிபட்ட படகு வேறு ஊர்க்காரர்களுடையது என்று பிறகு தெரிந்தது. அவன் உப்பு காய்ந்த முகத்தோடு என்னிடம் வந்து, மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை நீட்டினான்.

"பதினோரு மெசேஜ் வந்து கெடக்கு. இதுல எதுங்க ஒங்களுது?"

பதினொன்றும் எனக்கு வந்தவைதான். கடைசியாக வந்தது நாலு முப்பத்தெட்டுக்கு. பத்து நிமிடம் செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் கேட்டிருந்தால், "ஹலோ" சொன்ன நேரத்துக்குள் அவன் அந்த ஆறு எண்ணையும் படித்துச் சொல்லியிருப்பான்.

மகள் இப்போது புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு அடுத்த வருட விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கிறாள். இதை எழுதும் இந்த நிமிடம்வரை அவளுக்கு எதுவும் தெரியாது. அன்று நான் அறந்தாங்கி பஸ்ஸில் திரும்பி வரும்போது போன் செய்தாள்.

"ஒரு தடவகூட ரிங் போகலையாம்மா?"

"போகல. டவரே கெடைக்கல" என்றேன்.

"கடல்ல டவர் இல்லைன்னா நீ என்னம்மா பண்ணுவ? காலையிலேருந்து ஏதாச்சும் சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.