பூட்டு தாமஸின் ஒரே சாவி

காசிமேட்டில் தாமஸ் என்று கேட்டால், எந்தத் தாமஸ் என்பார்கள். பூட்டு தாமஸ் என்றால் உடனே கைகாட்டுவார்கள். என்ஜின் பெட்டிக்குப் பூட்டு, மண்ணெண்ணெய் டிரம்முக்குப் பூட்டு, வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கும் பூட்டு. ஆனால் சாவி ஒன்றுதான். கொத்துச் சாவியைத் துழாவ அவருக்குப் பொறுமை இல்லை. எல்லாப் பூட்டும் ஒரே சாவியில் திறக்கும்படி சொல்லிச் செய்து வாங்கி, அந்தச் சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார்.

2005-இல் மீன் வாங்கும் கம்பெனி ஒன்று அன்றாட விலையை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. தாமஸ் கடலில் இருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்லும் வேலை, ஐஸ் விற்கும் டில்லிபாபுவுக்கு.

"பாஸ்வேர்டு இன்னா மாமு?"

"படகு மூஞ்சில எய்திகீதே, அதப் பாத்து அடி."

லூர்துமேரி 7. தாமஸின் ஃபைபர் படகின் இரு பக்கமும் முழ உயர ஆங்கில எழுத்தில் அது இருந்தது.

மனைவி இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருந்த தாமஸ், அந்த ஆண்டே இரகசியமாக இரண்டாவது மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்கினார். திருமணத் தகவல் தளத்தில், மீஞ்சூரில் தையல் வகுப்பு நடத்தும் இருதயம்மாள் என்ற விதவையின் படத்தைப் பார்த்திருந்தார். பார்த்ததிலிருந்து வலை பின்னும்போதும் அந்த முகம்தான்.

பிரவுசிங் சென்டர் நடத்திய தாஹிரா எச்சரித்தாள். "இதுக்காவது வேற பாஸ்வேர்டு வைங்கண்ணா. ஒண்ணு தெரிஞ்சா ரெண்டும் போச்சு."

"ரெண்டு சாவி வெச்சா நான்தாம்மா வெளிய நிப்பேன்" என்றார் தாமஸ். அதே லூர்துமேரி 7.

இருதயம்மாளுக்கு மூன்று மின்னஞ்சல் போட்டார். வயது நாற்பத்தைந்து, தலையில் ஒரு நரை இல்லை, குறட்டை இல்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் பதில் வந்தது. தாமஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் டில்லிபாபு தாஹிராவின் சென்டரில் விலை பார்க்க உட்கார்ந்து, முகவரியின் முதல் எழுத்தைத் தட்டினான். முன்பு அங்கே அடித்திருந்த முகவரிகளைக் கணினி தானாகவே காட்டியது. தாமஸ் பெயரில் இரண்டு! இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, படகின் பெயரை அடித்தான். திறந்துகொண்டது. மூன்று கடிதங்களையும் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவன் கை சும்மா இருக்கவில்லை. தாமஸ் பெயரில் நான்காவதை எழுதி அனுப்பி, நகலை அழித்துவிட்டு, ஐஸ் உடைக்கப் போய்விட்டான்.

மறுவாரம் பதில் வந்தது. 'ஞாயிறு பூசை முடிந்து ராயபுரம் கோயில் வாசலில் பார்க்கலாம்.'

தாமஸ் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றார். இருதயம்மாள் முதலில் அவர் தலையைத்தான் பார்த்தாள்.

"சாயம் நல்லாத்தான் எடுத்திருக்கு."

தாமஸின் கை தானாகத் தலைக்குப் போனது.

"நீங்கதானே எழுதினீங்க? வயசு அம்பத்தொண்ணு, தலைக்குச் சாயம், குறட்டை விட்டா பக்கத்துப் படகுல ஹாரன்னு நெனைப்பாங்க, தாகம் எடுத்தா தண்ணி டிரம்முக்குச் சாவி தேடுவேன்னு."

இப்படி எழுதக்கூடியவன் காசிமேட்டில் ஒருவன்தான். ஆமாம் என்று தலையாட்டினால் காரியம் முடிந்துவிடும். இல்லை என்றால் அவள் அடுத்த ரயிலில் போய்விடுவாள்.

"அத நான் எய்தலம்மா. ஒரு கய்தை உள்ள பூந்து எய்திட்டான். ஆனா அத்தினியும் நெசம்."

"அப்ப முன்னாடி வந்த மூணும்?"

"அது நான்தான்."

"அதப் படிச்சுட்டு வேணாம்னு எழுத இருந்தேன்" என்றாள் இருதயம்மாள். "நாலாவதுதான் சிரிக்க வெச்சுது. யாருன்னு பாக்க வந்தேன். அது சரி, எப்படிப் பூந்தான்? பாஸ்வேர்டு என்ன வெச்சிருந்தீங்க?"

சொன்னார். பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள்.

"ஊருக்கே போர்டு எழுதி வெச்சிருக்கீங்களே! நீங்க பொய் சொல்லாம ஒத்துக்கிட்டதால சம்மதம். ஆனா மொதல்ல அத மாத்துங்க."

2006 ஜனவரி 25-ஆம் தேதி கல்யாணம். தாமஸ் வாக்குத் தவறவில்லை. தாஹிரா கடைக்குப் போய், மனைவி பெயரோடு கல்யாணத் தேதியைச் சேர்த்து, இரண்டு கணக்குக்கும் அதையே வைத்துவிட்டு வந்தார்.

ஈஸ்டருக்கு முன் படகுக்குப் புது வண்ணம் அடித்தார்கள். ஐஸ் கூடையோடு வந்த டில்லிபாபு படகின் முகப்பைப் பார்த்து நின்றான்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியாமே மாமு?"

"மாத்தியாச்சு. இனிமே உன் வேலை நடக்காதுடா" என்றார் தாமஸ். பிரஷ்ஷைத் தோய்த்து, 'இருதயம்மாள் 2' என்பதற்குப் பக்கத்தில் 5-ஐ அழுத்தமாக எழுதத் தொடங்கினார்.