பொட்டு வைக்க ஒரு மூலை

கண்ணுக்குத் தெரியாத சரக்கைச் செய்து, "இதோ பாருங்கள்" என்று காட்டுவதுதான் என் பிழைப்பு. திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில், கரண்ட் கடத்தும் கிராபீன் என்ற ஓரணுத் தடிமனுள்ள கரிப் படலத்தைப் பிளாஸ்டிக் தாளில் படியவைக்கிறேன். அப்படி இரண்டு தாள்களுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்து ஜன்னலில் ஒட்டினால், கரண்ட் இல்லாதபோது கண்ணாடி பால்போல் வெளுத்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் தெளிந்துவிடும். வளைந்த கண்ணாடியிலும் ஒட்டலாம். ஆய்வகங்களில் அடைபட்டுக் கிடக்கும் சக பாவிகளே, என் கதையையும் கேளுங்கள்.

நைனாவின் பரிசோதனை

லீவுக்குச் சொந்த ஊரான நகரிக்குப் போனபோது ஒரு தாளைக் கொண்டுபோனேன். பவர்லூம் ஓட்டும் நைனா, அதாவது என் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "ஓரத்தைப் பிடி நைனா" என்று கத்தினேன். வெளிச்சத்தில் காட்டினார், திருப்பினார், முகர்ந்தும் பார்த்தார். மல்டிமீட்டரை வைத்து, அதில் கரண்ட் பாய்வதைக் காட்டினேன். அவர் மசியவில்லை.

"மூணு வருசமா இத்தத்தான் செஞ்சிக்கினு கீறியா? ஒண்ணுமே செய்யாத இருந்தாக்கூட இப்டித்தானேம்மா இருக்கும்!"

ஆயுத பூஜை

ஒரு ஹோட்டல்காரர் தன் வரவேற்பறையின் வளைந்த கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கச் சம்மதித்திருந்தார். அது வேலை செய்தால்தான் ப்ராஜெக்ட் நீளும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

உயிரைக் கொடுத்து இரண்டு நல்ல தாள்களைத் தேற்றினேன். பூஜைக்கு மறுநாள் போனால் உலை, பம்பு, தராசு எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. என் தாள்களிலும், அதுவும் பூச்சுள்ள பக்கத்தில், நட்டநடுவே! துடைத்தேன். சந்தனத்தோடு கிராபீனும் வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டெக்னீஷியன் முனிரத்தினம் அண்ணன் பதறிப்போனார்.

"உன் வேல நல்லா நடக்கணும்னுதாம்மா, மிஷினுக்கு ஒண்ணு வெச்சா உன் தாளுக்கு ரெண்டு வெச்சேன்!"

புதிய வரைபடம்

அவரைத் திட்டி என்ன பயன்? அவர் வைக்காவிட்டால் ஹோட்டல்காரர் வைப்பார். அடுத்த தாளில் ஒரு மூலையை மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பூச்சில்லாமல் விட்டேன். வரைபடத்தைப் பார்த்த பேராசிரியர் அது எதற்கென்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தால், பென்சிலை எடுத்து அந்த இடத்தைப் பெரிதாக்கினார்.

"சந்தனத்து மேல குங்குமமும் வெப்பாங்கம்மா, நீ விட்ட எடம் பத்தாது."

ஸ்விட்ச்

தாள்களை ஒட்டிய பிறகு, ஒயர் மாட்டும் ஓரத்தில் மட்டும்தான் பூச்சு வெளியே இருக்கும். ஹோட்டல்காரரின் சந்தன விரல் நேராக அங்கேதான் போனது. "சார், இங்கே" என்று மூலையைக் காட்டினேன். மகிழ்ச்சியாகப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஸ்விட்சைப் போட்டார். கண்ணாடி தெளிந்தது. வெளியே ஆட்டோக்களும் அவற்றுக்கு மேலே மலையும் பளிச்சென்று தெரிந்தன. மூலை மட்டும் வெளுத்தே இருந்ததால் பொட்டு இன்னும் எடுப்பாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"பாக உந்தி, சூப்பரும்மா! நிம்மகாய எங்க கட்டறது?"

ப்ராஜெக்ட் நீண்டுவிட்டது, பெட்டியும் பரணில்தான் இருக்கிறது, ஓரணுத் தடிமனில் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிடுவது எப்படி என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி.