கக்கத்தில் இடுக்கிய துண்டு

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். அந்தப் பங்குனி மாதப் பக்கங்களைப் புரட்டினால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

காஞ்சிபுரத்துப் பெண்கள் விடுதியில் எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். கேட்டவர்கள் இருவர். ஒருத்தி பக்கத்துக் கிராமத்து விவசாயி மகள். மற்றவள் ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து நடந்தே வருகிறவள். இடம் கிடைக்காவிட்டால் இவள் படிப்பை நிறுத்தி நெல் மில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சையில் இருவரும் சமம்.

பதின்வயதுப் பிள்ளைகள் பிறர் மனதை எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று அளப்பதற்காக, ஒரு பயிற்சிக் கல்லூரி அப்போது பத்துப் படங்களை அனுப்பியிருந்தது. படத்தில் இருப்பவரின் மனநிலையை ஒரே சொல்லில் எழுத வேண்டும்.

"ஹாஸ்டல்னா பத்து பேரோட ஒத்துப் போவணும்யா. இதுலயே தெரிஞ்சிடும்," என்றார் தலைமை ஆசிரியர்.

திருத்தியது நான். ஆறாவது படத்தில் நாற்காலியில் ஒருவர். எதிரே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி ஒருவர் நிற்கிறார். நிற்பவர் மனதில் என்ன? கல்லூரி அனுப்பிய விடை: சந்தோஷம். விவசாயி மகளும் அதையே எழுதியிருந்தாள். இருளர் பெண் 'பயம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். அந்த ஒரு மார்க்கில் இடம் போயிற்று.

மறுநாள் தாளோடு வந்து நின்றாள்.

"தோள்ல இருக்கற துண்ட யாருனா சும்மா எடுப்பாங்களா சார்? மில்லுக்காரர் எதிர்ல எங்க நைனா இப்டித்தான் சிரிச்சிக்கினு நிப்பாரு. வூட்டுக்கு வந்தா சோறு எறங்காது."

தினமும் பார்க்கிற காட்சி. எனக்கு ஏன் தோன்றவில்லை? அவளை வாசலில் நிறுத்திவிட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்குள் போனேன்.

அவர் நிமிரவே இல்லை. "விடையில இன்னா போட்டுக்கீதோ அதான் மார்க். லிஸ்ட் போயாச்சி. உனக்கு டிரான்ஸ்பர் ஏதாவது வேணுமா?"

"இல்லீங்க சார். சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வுடுங்க சார்," என்றாள். "நீங்களும் சிரிச்சிக்கினுதான் நின்னீங்க."

தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.