கதவில்லாத இடம்
தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் நான் வேலை பார்த்தபோது, ஒருவர் மாதம் ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து மனநல மருத்துவரைப் பார்க்க வருவார். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த மீசை, ஓயாமல் ஆடும் வலது கால். பலர் சேர்ந்து படுக்கும் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில் எடுத்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, என் எதிரே நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் இரக்கப்பட்டு ஒரு காலி அறையின் சாவியை நீட்டினேன். “காசு வேண்டாம், போய்ப் படுங்க அண்ணாச்சி.”

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “வேண்டாம் தம்பி. கதவடைச்சா போனைத் திருப்பி வாங்கிருவேன்; பிறகு அந்த அசிங்கப் படங்கதான். பிடிச்சுப் பாக்கல்ல, விட முடியாமப் பாக்கேன். வேலை போச்சு. வீட்டுக்காரி பேசுகதில்ல.”

“மருந்து இல்லையா?”

“மாத்திரை உண்டு. ஆனா தோணும்போ அரை மணிக்கூர் தள்ளிப் போடணும்னு டாக்டர் சொன்னாரு. அது தானே அடங்குமாம்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப தொடங்கிட்டு. எதாவது பேசுங்க தம்பி.”

வாசலைக் கடந்த பஸ்களின் பலகைகளை வாசித்தேன். கொல்லம். களியக்காவிளை. நெய்யாற்றின்கரை. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். வெகுநேரம் கழித்துக் கால் நின்றது.

அன்று மாலை மாடியில் என் அறைக்குப் போய், வழக்கம்போல் கதவைத் தாழிட்டுப் போனை எடுத்தேன். பிறகு எழுந்து கதவை அகலத் திறந்தேன். சன்னலில் தெரிந்த பஸ்ஸின் பலகையை உரக்க வாசித்தேன்.