மழை விட்டும் திறக்காத மருந்து அறை

பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கு நெருப்பைவிட மழையைக் கண்டால்தான் பயம். ஈரம் பட்ட வெடிமருந்து தானாகவே சூடேறி வெடிக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் இருந்த கம்பெனியில், தினமும் மழைமானிக் குப்பியைப் பார்ப்பது என் பொறுப்பு. மழை பெய்திருந்தால், சுவர் காயும்வரை மருந்து அறையைத் திறக்கக் கூடாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

திருத்தங்கல் வெயில்

செல்போன் வந்த புதிது. லேபிள் வாங்கத் திருத்தங்கல் போன முதலாளி, அங்கே வெயில் அடிக்கிறதென்று ஆபீசுக்குப் போன் போட்டார். இங்கே மழை என்றால் நம்பவில்லை. ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டி, தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்க வைத்தேன். முதலாளி கேட்டார்: "வேலை நேரத்துல அங்கன எவன்யா அப்பளம் பொரிக்கிறது?"

நனையாத குப்பி

தூறல் விழுந்தால் வெளியில் காய்வதையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மருந்து அறையில் வேலை பார்க்கும் செல்லக்கனி அதில் கெட்டிக்காரி. ஒருநாள் காலை குப்பியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாவியோடு போனவன், அறை வாசல் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டேன். விசாரித்தால் செல்லக்கனி பெருமையாகச் சொன்னாள்: "நீங்க போனப்புறம் மழை வந்துச்சு அண்ணாச்சி. எல்லாத்தையும் மூடுனேன், ஒங்க குப்பிய மட்டும் நனைய விடுவேனா?"

ஒன்பது தலை

சீசன் கடைசி. லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. ராத்திரி நல்ல மழை, விடிந்ததும் சுள்ளென்று வெயில். அறைச் சுவரில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. மத்தியானம்வரை திறக்க மாட்டேன் என்று அந்த அறையில் வேலை பார்க்கும் ஒன்பது பேரையும் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தேன். முதலாளி கத்தினார். "வெயிலு மண்டையப் பிளக்கு, இன்னும் என்ன ஈரம்?" என்று செல்லக்கனி என் பரம்பரையையே இழுத்தாள்.

பதினொரு மணிக்கு அறை வெடித்தது. முந்தின நாள் மிச்ச மருந்தை யாரோ உள்ளேயே விட்டிருக்கிறார்கள். ஒழுகிய கூரை அதை நனைத்திருக்கிறது. ஓடிப்போய்த் தலைகளை எண்ணினேன். நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். ஒன்பதும் இருந்தன. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது, அழுகையும் வந்தது. செல்லக்கனி பக்கத்தில் வந்து நின்றாள். "காலையில இருந்து ஒங்கள வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன் அண்ணாச்சி. நாளைக்கும் வைவேன், சாவிய மட்டும் குடுத்துராதீக."

சாயங்காலம் வேனில் ஏறுகிற ஒன்பது பேரும் என்னைத் திட்டிக்கொண்டே போனால், அன்றைக்கு நான் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம்.