மிலிட்டரி லாரிக்கு ஒரு கதவு

மாமாவின் லாரி நிற்கும் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் அவர் எழுதியது: "தை மாதம். எஃப்.சி. முடிந்து." ஆண்டு இல்லை. ஆண்டில்லாத எதையும் அப்படியே விட்டுவிடும் வழக்கம் எனக்கில்லை என்பதால் அம்மாவிடம் கேட்டேன். முதலமைச்சர் இறந்து ஊரெல்லாம் கறுப்புக் கொடி கட்டிய தைக்கு அடுத்த தை என்றாள். ஆகவே 1970. எனக்கு அப்போது ஒன்பது வயது.

படத்தில் லாரியின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருக்கின்றன. ஒன்று இரும்பு. ஓட்டுநர் பக்கத்துக் கதவு மரம். வீட்டு வாசலுக்கென்று செய்த மரக்கதவு. அது எப்படி அங்கே போயிற்று என்பதற்கு நானும் ஒரு சாட்சி.

மாமா, அம்மாவின் தம்பி, ஒரத்தநாட்டில் லாரி வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்து, போர் முடிந்ததும் ஏலத்தில் விட்ட வண்டி. அவருக்கு வந்தது நான்காம் கையாகவோ ஐந்தாம் கையாகவோ. மூக்கே கிடையாது. முன்கண்ணாடி மேல்பக்கம் முன்னால் தள்ளிக் கவிழ்ந்திருக்கும், யாரையோ முறைத்துப் பார்ப்பதுபோல. அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி கதவின் ஓரமும் சாய்ந்திருக்கும். அதனால்தான் வேறு எந்த லாரியின் கதவும் அதற்குப் பொருந்தவில்லை.

ஐப்பசி வெள்ளத்தின்போது எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மாட்டி ஓட்டுநர் பக்கத்துக் கதவு பிய்ந்து வெண்ணாற்றில் விழுந்தது. மாமா திருச்சியில் காயலான் கடை ஒன்று விடாமல் அலைந்தார். வைப்பர் கிடைத்தது, கூரை மூடி கிடைத்தது, கதவு மட்டும் கிடைக்கவில்லை. தகரத்தில் ஒன்று அடித்து மாட்டினார். லாரி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது உள்ளே குழிந்தது.

"இது கதவா, எண்ணெய் டின் மூடியா?" என்றார்.

பழைய எஃப்.சி. தை முடியும்வரைதான். அது இல்லாமல் லாரி ஓடக்கூடாது. சம்பா அறுப்புக்கு ஓடாவிட்டால் அந்த வருஷமே மாமாவுக்கு இல்லை. அந்த நிலையில்தான் ஓட்டுநர் ஒரு செய்தி கொண்டுவந்தார். இதே மாதிரி லாரி ஒன்றைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் உடைத்துப் போட்டார்கள். அதன் கதவு ஒரு குடிசைக்கு வாசற்கதவாக இருக்கிறது.

அரையாண்டு விடுமுறை என்பதால் நானும் போனேன். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டுநர் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டியிருந்தார். அது விவசாயக் கூலிகளின் தெரு. முனையில் மூங்கிலில் செங்கொடி பறந்தது. கூலித் தகராறு முற்றி, பண்ணைகள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் லாரியைக் கண்டதும் ஆண்கள் எழுந்து வந்து வழியை அடைத்தார்கள்.

"எந்தப் பண்ணைக்கு ஆள் ஏத்தப் போற?"

"ஆளும் ஏத்தல, நெல்லும் ஏத்தல. ஒரு கதவு பாக்க வந்தேன்" என்றார் மாமா.

"பொண்ணு பாக்க வருவாங்க, மாடு பாக்க வருவாங்க. கதவு பாக்க வந்த ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒரு கிழவர். சிரிப்பில் வழி கிடைத்தது.

தெருவின் கடைசிக் குடிசை. மண்சுவர், கீற்றுக் கூரை. நடுவில் பட்டாளத்துப் பச்சையில் அந்த இரும்புக் கதவு. கதவின் சாய்வுக்குத் தக்கபடி சுவரையே சாய்த்து எழுப்பியிருந்தார்கள். வெளிக் கைப்பிடி இருந்த ஓட்டையில் தகரம் வைத்து அடைத்திருந்தது. கைப்பிடி உள்ளே மட்டும்தான். உடைந்துபோன கதவு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி சின்ன வயசுக்காரி. இடுப்பில் ஒரு பையன்.

"ஏம்மா, இதக் குடுத்துட்டு நல்ல மரக்கதவா வாங்கிக்கிறியா? வேம்பு. கரையான் அண்டாது."

"உள்ள தாப்பா இருக்குமாங்க?"

"தாப்பா இல்லாம கதவா?"

"உள்ள இருக்கணும்" என்றாள் மறுபடியும். மாமா அதைக் காதில் வாங்கினார். மனதில் வாங்கியதாகத் தோன்றவில்லை.

மாமாவைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கட்சிக்கரை வேட்டி கட்டுபவர். ஏழைக்குக் கொடுப்பதை நல்லதாகக் கொடுக்கவேண்டும் என்று மேடையில் கேட்டதை வீட்டிலும் சொல்லுபவர். தச்சரை உட்காரவைத்துத் தன் வீட்டுக்குச் செய்வதுபோலவே செய்யச் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் ஆயிற்று. அதோடு நில்லாமல், தஞ்சாவூர்க் கடைத்தெருவில் கனமான நாதாங்கி ஒன்று வாங்கி வெளிப்பக்கமும் அடித்து, அதற்கு ஒரு பூட்டும் வாங்கினார். "வெளியில போனா பூட்டிட்டுப் போகட்டும். அவளுக்கும் அது வீடுதானே?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கல் கழித்து மறுபடி போனோம், தச்சரோடு. இரும்புக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். சாய்ந்த சுவரைச் சேறு வைத்து நேராக்கி மரக்கதவை நிறுத்தினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பொங்கல் அப்போதுதான் போயிருந்ததால் எல்லோரும் நல்ல முகத்தோடு இருந்தார்கள். கிழவர் கதவைத் தட்டிப் பார்த்து, "இனிமே இவ வூட்டுக்கு வர மருமவ கொடுத்து வச்சவ" என்றார். இடுப்பிலிருந்த பையனைக் காட்டிச் சொன்னதால் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள், திறந்தாள். முகம் தெளிந்தது.

"அது மட்டுந்தானா? இதப் பாரு. அங்கேயே நில்லு" என்றார் மாமா. கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே நாதாங்கியை மாட்டினார். புது இரும்பு; டக்கென்று விழுந்தது.

உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அது சொல்லாக இல்லை. கதவில் இரண்டு கைகளும் அறைந்தன. பையனும் அலறினான். மாமா திடுக்கிட்டு நாதாங்கியை இழுத்தார், அது வரவில்லை. "இரும்மா, இரும்மா, தெறக்குறேன்" என்றார். அவர் குரல் அவள் காதில் விழுந்திருக்க வழியில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஒரே கணத்தில் மாறியதைப் பார்த்தேன். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் அரிவாள் இருந்தது. கிழவர் மாமாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தார். நாதாங்கி பிய்ந்து என் காலடியில் விழுந்தது.

அவள் பையனோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக லாரிக்குப் போய், சக்கரத்தில் கால் வைத்து ஏறி, இரும்புக் கதவைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தாள்.

மாமா அவளை நோக்கி, "நான் வந்து, பூட்டு..." என்று தொடங்கினார். கிழவர் அவரைப் பார்த்தார்.

"கெழக்கேருந்து வந்தவ அவ" என்றார். அவ்வளவுதான்.

மாமா லாரியில் ஏறி, அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தானே அறுத்தார். "இரும்ப எறக்கு" என்று தச்சரிடம் சொன்னார். பூசிய சேற்றைச் சுரண்டி, சுவரை மறுபடி சாய்த்து, பழைய கதவையே மாட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம், அவள்மேல். இனாமாக வந்த கதவையும் பூட்டையும் யாராவது வேண்டாம் என்பார்களா? "பூட்டப் பாத்து ஏன் மாமா பயப்படுறா?" என்று கேட்டேன். ஓட்டுநர்தான், "சும்மா வா பாப்பா" என்றார்.

மரக்கதவின் ஓரத்தைச் சாய்வாக அறுத்து, மேலே கண்ணாடிக்கு இடம் விட்டு, அதையே லாரிக்கு மாட்டினார் தச்சர். அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கோலம் போட்டு மாவிலையும் கட்டிடுங்க" என்றார். ஆனாலும் தள்ளிப் பார்த்தபோது அது அசையவில்லை. எஃப்.சி. கிடைத்தது. ஒரத்தநாட்டில் அந்த லாரிக்கு 'வீட்டு லாரி' என்றே பெயர் வந்துவிட்டது. என் பள்ளித் தோழிகளும் அப்படித்தான் சொன்னார்கள், வெட்கமாக இருந்தது. நிறுத்தும்போது பூட்டுவதற்கு வசதியாக நாதாங்கியைத் திரும்ப அடிக்கலாமா என்று ஓட்டுநர் ஒருமுறை கேட்டார். மாமா கூடாது என்றார். ஆணிகள் பிய்ந்த துளைகள் புகைப்படத்திலும் தெரிகின்றன.

கல்லூரியில் படிக்கும்போதுதான், நாங்கள் போனதற்கு ஓராண்டு முந்தைய மார்கழியில் கீழத்தஞ்சையில் நடந்ததைப் படித்தேன். கூலித் தகராறில், ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களைப் பண்ணையாரின் ஆட்கள் வெளியே தாழிட்டு, அந்தக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள். படித்துக்கொண்டிருந்தபோதே அந்த 'டக்' என்ற சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பின்னாளில் அந்தத் தெருவுக்கு இருமுறை போய் விசாரித்தேன். கிழவர் இல்லை. கடைசிக் குடிசை இருந்த இடத்தில் வேறு யாருடையதோ மாடி வீடு. அவள் பெயரை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கிழவர் சொன்ன கிழக்கு, நான் படித்த அந்த ஊர்தானா, அல்லது அந்தச் செய்தி மட்டுமே போய்ச் சேர்ந்த வேறு ஏதேனும் ஊரா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.